நாற்பத்தேழாம் எண்ணின் தட்டுகள்

அந்தப் பொருளாதார ஆராய்ச்சி நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தும் அவள் ஒரு கூட்டத்தில்கூட வாய் திறந்ததில்லை. திறக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லைதான். ஆனால் குறிப்பெடுக்கிறவளே பேச ஆரம்பித்தால் குறிப்பை யார் எடுப்பது? புதன்கிழமை மூன்று மணி ஆனால் நீள மேசையின் ஓரத்தில் நோட்டும் நாலு பென்சிலுமாக வந்து உட்காருவாள். மிஞ்சிப் போனால், "ஐயா, அந்த வருஷத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். அங்கே எல்லாருக்கும் அவள் சுருக்கெழுத்தம்மா.

அவளுக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்தால் அவர்களுக்கு அவள் வைக்க மாட்டாளா? கோட்பாடு பேசும் பேராசிரியர் கோடையிலும் கோட்டைக் கழற்றாதவர். நோட்டில் அவருக்கு ஒரு பித்தான் குறி. தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். அவருக்கு ஒரு வளைவு. ஆக, கோட்டுக்காரர், பைக்காரர். கோட்டுக்காரர் ஒன்று சொன்னால் பைக்காரர் மறுப்பார். பைக்காரர் மறுக்காவிட்டால் கோட்டுக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. மனுஷன் லாப நஷ்டம் பார்த்துத்தான் கை அசைப்பான் என்பார் இவர். பசியும் பயமும் அசைக்கிற கையை உங்கள் கோட்பாடு பார்த்ததே இல்லை என்பார் அவர். நிறுவனத்தின் தலைவி, நரைத்த தலையும் நிதானமான குரலும் உள்ள அம்மாள், இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சுருக்கெழுத்தம்மாவுக்கு இந்தச் சண்டை என்றால் உயிர். பள்ளிப் படிப்போடு நிறுத்தியவள்தான். ஆனால் காதில் விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. கூலி ஏறினால் வேலை குறையுமா, வேலை குறைந்தால் கூலி ஏறுமா என்று பேருந்தில் நின்றபடியே யோசிப்பாள். வீட்டில் அகப்பட்டவர் அவள் புருஷன், பேருந்துப் பணிமனையில் ஓய்வு பெற்ற மெக்கானிக். ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறீர்களே, அந்த நேரத்தில் வேறு வேலை செய்தால் என்ன கிடைக்குமோ அதுதான் அந்தத் தூக்கத்தின் விலை, தெரியுமா என்று கேட்டாள்.

"வாங்க ஆள் இருந்தா சொல்லு, வித்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வருடம் நிறுவனத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பீஸ் ரேட்டுக்கு, அதாவது செய்கிற உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களுக்கு, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம் சம்பளத்தோடு ஓய்வு கொடுக்கலாமா வேண்டாமா? அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. நிறுவனம் திங்கட்கிழமைக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ குழுவும் அந்தப் பக்கமே சாயும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சுருக்கெழுத்தம்மாவுக்கு இது கேட்டு மறக்கிற சமாசாரம் இல்லை. அவளுடைய ஒரே மகள் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் இடத்தில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தாள், இப்போது ஐந்தாம் மாதம். வேலை முழுக்க நின்றுகொண்டு. ஒரு பெட்டி முடிந்ததும் கட்டைவிரலை மெஷினில் வைத்தால் அவள் கணக்கில் ஒன்று ஏறும். வாரக் கணக்கு குறைந்தால் மறு வாரம் கூப்பிட மாட்டார்கள். "அம்மா, உங்க ஆளுங்க எங்களுக்கு என்ன முடிவு பண்ணப் போறாங்க?" என்று அவள் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்பாள். நான் எழுதத்தான் போகிறேன், முடிவு பண்ண இல்லை என்று அம்மாக்காரி சொல்லிவைப்பாள். சொல்லிவிட்டு மகளின் பாதத்தைப் பார்ப்பாள். வீங்க ஆரம்பித்திருந்தது.

அறிக்கைக்கு முந்தைய புதன்கிழமை. கோட்டுக்காரர் சுவரில் ஒரு பட்டியலைப் போட்டார். மூடிப்போன ஒரு பித்தான் தொழிற்சாலையின் பழைய பேரேடுகளாம். நிறுவனத்துக்கு வந்து சேர்ந்ததைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். பித்தான்களை அட்டையில் தைத்துத் தட்டில் அடுக்கும் கூடத்துப் பெண்கள் நாளுக்கு எத்தனை தட்டு கட்டினார்கள் என்ற கணக்கு. பெயர் கிடையாது, எண்தான். பிரசவம் என்று குறிப்பு உள்ள வரிகளை மட்டும் அவர் பிரித்தெடுத்திருந்தார்.

"இந்த வரியைப் பாருங்க. எண் நாற்பத்தேழு. பிரசவத்துக்கு முந்தின எட்டு வாரம். ஒரு நாள்கூட பதினெட்டுத் தட்டுக்குக் கீழ போகல. பிள்ளை பிறந்த அன்னிக்கு முந்தின நாள் வரைக்கும் பதினெட்டு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடைசி நாள் வரைக்கும் வேலைத்திறன் குறையவில்லை என்றால் ஓய்வு கட்டாயம் என்பது தேவையில்லாத சுமை, அந்தச் சுமைக்குப் பயந்து முதலாளிகள் பெண்களை எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்று அவர் மெய்யாகவே கவலைப்பட்டார். பைக்காரர் சீறினார். பதினெட்டுக்குக் கீழே போனால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், அதனால் உயிரைக் கொடுத்துக் கட்டியிருக்கிறாள், இது திறன் இல்லை, பயம் என்றார். பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பயந்தாலும் முடிந்ததா இல்லையா என்று கோட்டுக்காரர் மடக்கினார்.

சுருக்கெழுத்தம்மாவின் நோட்டில் அந்த இடத்தில் நாலு வரி காலியாக இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் காலியாக விட்ட இடம் அது ஒன்றுதான். நாற்பத்தேழு. அந்த எண் குத்திய தகர வில்லை ஒன்று இன்றைக்கும் அவள் ஊசிப் பெட்டிக்குள் கிடக்கிறது. வேலையில் சேரும்போது சுருக்கெழுத்துச் சான்றிதழைத்தான் காட்டினாள். அதற்கு முன்னால் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

எழுதிக்கொண்டே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மகளின் பாதம் கண்ணில் வந்து நின்றது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஐயா, அது ஒரு ஆள் கட்டினது இல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலிதான் பேசிவிட்டதோ என்கிற மாதிரி பார்த்தார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தலைவி கேட்டார்.

"அந்த நாற்பத்தேழு நான்தான்."

அப்புறம் சொன்னாள். மேசைக்கு ஏழு பேர். ஒவ்வொருத்திக்கும் அவள் எண் குத்திய முப்பது தகர வில்லை. இருபத்துநாலு அட்டை தைத்து அடுக்கினால் ஒரு தட்டு. தட்டில் தன் வில்லையைப் போட்டு அனுப்ப வேண்டும். கணக்கர் வில்லையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். சாயங்காலம் கம்பியில் கோத்துத் திருப்பிக் கொடுப்பார். தட்டை யார் கட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது, வில்லைதான் தெரியும். மாசமான ஒருத்தியின் கை தளர்ந்தால், பக்கத்தில் இருப்பவள் அவள் வில்லை டப்பாவில் கையை விட்டு, "குழந்தைக்கு ஒண்ணு" என்று ஒரு வில்லையை எடுத்துத் தன் தட்டில் போட்டுவிடுவாள். கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். வாங்குகிறவள் எண்ணக் கூடாது, யார் எத்தனை போட்டார்கள் என்று கேட்கவும் கூடாது. அதுதான் அந்த மேசை வழக்கம். கடைசி வாரங்களில் அவள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டினாளோ பதிமூன்று கட்டினாளோ, அவளுக்கே தெரியாது. ஆனால் பதினெட்டு மட்டும் சத்தியமாக இல்லை.

பைக்காரருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கோட்டுக்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலம்மா. ஆனா சொன்னா மட்டும் போதாது, பேரேட்டுல தெரியணும்" என்றார். போட்டவர்களின் எண்களைக் கேட்டார்.

ஒன்பது, இருபத்துமூன்று, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் கழித்தும் மளமளவென்று வந்தன. ஐந்து வரிகளும் சுவரில் ஏறின. சுருக்கெழுத்தம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். ஒன்பதாம் எண் ஒருநாள் இருபது, மறுநாள் பத்தொன்பது, அதற்கு மறுநாள் இருபத்தொன்று. மற்ற நாலு பேரும் இப்படித்தான். அவள் மாசமாவதற்கு முன்னாலும் இப்படி, பின்னாலும் இப்படி.

கோட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். ஒரு தட்டு ஏறி இறங்குவது எந்த நாளும் உள்ளது, இது வெறும் ஏற்ற இறக்கம். எப்போதாவது ஒரு தட்டு போட்டிருப்பார்கள். நல்லதை நினைவு பெரிதாக்கிக் காட்டும். இதை வைத்துப் பதினெட்டைப் பொய் என்று அறிக்கையில் எழுத முடியாது. அவர் கோப்பை மூடப்போனார். பைக்காரர் பைக்குள் எதையோ தேடினார். அதில் ஒன்றும் இல்லை.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. வாயைத் திறந்ததற்கு இதுவா பலன்? மகளிடம் போய் என்ன சொல்வது?

"மேசைக்கு ஏழு பேர்னு சொன்னீங்க. ஆறுதானே ஆச்சு?" என்றார் தலைவி.

"ஏழாவது ஆள் போடலம்மா."

"யார் சொன்னது?"

"நான்தான் கண்ணால பார்த்தேனே."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்தது. பத்தொன்பது வருடமாக இந்த அறையில் இவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கேள்வியை அவள் ஆயிரம் தடவை எழுதியிருப்பாள்: சரிபார்த்தீர்களா? தன் கணக்கில் அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஏழாவது ஆள் வேறு யாருமில்லை, அவள் நாத்தனார். புருஷனின் அக்கா. அப்போது எல்லாரும் ஒரே வீடு. பன்னிரண்டாம் எண், கூடத்திலேயே கை வேகம் அதிகம், நாளுக்கு இருபத்தாறு தட்டு. மேசைக் கோடியில் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே டப்பாவில் கைவிட்டபோது அந்தக் கை மட்டும் ஒருநாளும் நீளவில்லை. ஊராள் போடுகிறாள், சொந்த நாத்தனாருக்கு மனசு வரவில்லையே என்று இவள் உள்ளுக்குள் வெந்தாள். மகள் பிறந்ததும் நாத்தனார் வந்து குழந்தையைத் தூக்கினாள். "கை நீட்டத் தெரியாதவங்களுக்குக் குழந்தையத் தூக்க மட்டும் தெரியுதா?" என்று இவள் கேட்டுவிட்டாள். நாத்தனார் குழந்தையைப் பாயில் கிடத்தினாள், வெளியே போனாள். அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள், அதற்கப்புறம் வாசல் மிதிக்கவில்லை. புருஷன்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் முடிவெட்டப் போகிறேன் என்று சொல்லி அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். தலையில் இருக்கிற நாலு முடிக்கு வாரம் ஒரு வெட்டு எதற்கு என்று இவளும் கேட்டதில்லை.

"அந்தப் பன்னிரண்டாம் எண்ணையும் போட்டுப் பாருங்க ஐயா" என்றாள்.

வரி ஏறியது. இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தாறு என்று மாதக்கணக்காக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை இருபத்திரண்டு. செவ்வாய் இருபத்திரண்டு. புதன் இருபத்திரண்டு. எட்டு வாரம், விடுமுறை தவிர ஒரு நாள் பாக்கியில்லாமல் இருபத்திரண்டு. நாற்பத்தேழாம் எண்ணின் வரியில் பிரசவம் என்று எழுதியிருந்த அதே தேதியில் மறுபடியும் இருபத்தாறு.

கோட்டுக்காரர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய், விரலால் தேதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இது ஏற்ற இறக்கம் இல்ல" என்றார்.

சுருக்கெழுத்தம்மாவுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த மாதங்களில் ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வில்லைகளை எண்ணினாள், இருபத்தாறுதான் இருந்தது. வீடெல்லாம் தேடினாள். சாயங்காலம் வந்து எண்ணினால் முப்பது. மறுநாள் காலையிலும் இருபத்தாறு. மாசமான பொம்பளைக்கு எண்ணிக்கை நிற்காது என்று மாமியார் சொன்னார், அவளும் நம்பினாள். ஒரே வீடு, ஒரே ஆணியில் தொங்கிய இரண்டு பை. நாலு வில்லை எந்தப் பைக்குப் போனது என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த வரியின் ஓரத்தில் கணக்கரின் குறிப்பு ஒன்றும் இருந்தது. பன்னிரண்டாம் எண்ணை மேசைத் தலைவியாக்கும் யோசனை கைவிடப்பட்டது; காரணம், கை வேகம் குறைந்துவிட்டது. அது அவளுக்குத் தெரிந்த கதைதான். நாத்தனாருக்குப் பதவி போனது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, நல்லா வேணும் என்று மனசுக்குள் சிரித்தவள் அவள். அதை நினைத்ததும் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். தலைவி தண்ணீர்க் குவளையை இந்தத் தடவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "அப்போ சட்டம் இல்ல, வில்லை இருந்துச்சு. இப்போ என் பொண்ணு விரலை மெஷின்ல வைக்கிறா. அவ விரலை வேற யார் வைக்க முடியும்?"

கோட்டுக்காரர் அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அடுத்த நாலு நாளும் மற்ற மேசைகளில் தேடினார்கள். பிரசவக் குறிப்பு உள்ள எண்களின் பக்கத்து எண்களை இதுவரை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு எண் என்றால் ஒரு ஆள் என்று சண்டை போட்ட இரண்டு பேருமே நம்பியிருந்தார்கள். தேடத் தேட ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருத்தியின் வரி இறங்கி ஏறியிருந்தது. இறங்கினதையெல்லாம் கூட்டிக் கழித்தபோது, கடைசி எட்டு வாரத்தில் மாசமான பெண்ணின் கை மூன்றில் ஒரு பங்கு தளர்ந்திருக்கிறது என்று வந்தது. திங்கட்கிழமை அறிக்கை ஓய்வு தேவை என்று சொல்லிப் போனது. கூட்டக் குறிப்பில் தன்னைப் பணியாளர் ஒருவர் என்று அவள் எழுதியிருந்தாள். தலைவி அதை அடித்துவிட்டு, நாற்பத்தேழாம் எண் என்று திருத்தினார்.

இதோடு சண்டை தீர்ந்தது என்று நினைத்தால் நீங்கள் பொருளாதார நிபுணர்களைப் பார்த்ததே இல்லை. அந்த நாலு தட்டுக்கு என்ன பெயர் என்பது அடுத்த சண்டை. நாளைக்கு எனக்கும் இதே நிலைமை வரும் என்று இன்றைக்கே போட்டு வைக்கிற காப்பீடு என்றார் கோட்டுக்காரர். முதலாளியின் பதினெட்டை எதிர்த்த ரகசியப் போராட்டம் என்றார் பைக்காரர். மூன்று புதன்கிழமை ஓடியது. சுருக்கெழுத்தம்மா இரண்டையும் எழுதினாள், எழுதிக்கொண்டே யோசித்தாள். நாத்தனார் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள், அவளுக்கு எதற்குப் பிரசவக் காப்பீடு? எதிர்ப்பு என்றால் ஒருத்தியிடமாவது சொல்லிக்கொள்ள மாட்டாளா? நேரில் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் எந்த முகத்தோடு போவது? ஞாயிறு தோறும் புருஷன் முடிவெட்டக் கிளம்பும்போது செருப்பு வரைக்கும் போவாள், அப்புறம் அடுப்பில் வேலை இருக்கிறது என்று திரும்பிவிடுவாள்.

அரசாங்க உத்தரவு வந்தபோது மகளுக்கு எட்டாம் மாதம். ஆறு வாரம் கேட்டதில் நாலு வாரம் கொடுத்தார்கள். அரசாங்கம் என்றால் அப்படித்தான், கேட்டதை முழுசாகக் கொடுத்தால் கௌரவம் என்னாவது? மகள் ஓய்வில் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சுருக்கெழுத்தம்மா செருப்பைப் போட்டுவிட்டாள். மகளையும் கூட்டிக்கொண்டாள். புருஷன் ஒன்றும் கேட்காமல் முன்னால் நடந்தார்.

நாத்தனார் ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் துணிகளுக்கு அறுந்த பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறும் வேலைதான். தலை முழுக்க நரைத்திருந்தது, விரல் வேகம் மட்டும் அப்படியே இருந்தது. வந்தவர்களைப் பார்த்தாள், ஊசியை நிறுத்தவில்லை.

சுருக்கெழுத்தம்மா எல்லாவற்றையும் கொட்டினாள்: பேரேடு, இருபத்திரண்டு, காலையில் குறைந்த நாலு வில்லை, தான் சிரித்த சிரிப்பு. குழந்தையைத் தூக்கினபோது சொன்ன வார்த்தையைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல் நின்றாள். பிறகு, "ஏன் அண்ணி, அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்றாள்.

"எண்ணக் கூடாது, கேக்கக் கூடாதுங்கறது வழக்கம். அந்த வழக்கத்தை அந்த மேசைல ஆரம்பிச்சதே நான்தான். நானே மீறுறதா?"

அப்போதும் சுருக்கெழுத்தம்மாவுக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை அடங்கவில்லை. பெரிய படிப்புப் படித்த இரண்டு பேர் மூன்று வாரமாக அடித்துக்கொள்கிறார்கள், ஒருத்தர் காப்பீடு என்கிறார், ஒருத்தர் போராட்டம் என்கிறார், உண்மையில் அது என்ன அண்ணி, எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேவிட்டாள்.

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி அவளைப் பார்த்தாள்.

"உனக்குக் கால் வீங்கியிருந்துச்சு" என்றாள்.

பிறகு கதவோரம் நின்ற மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு எழுந்து, அதைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். இன்னொரு முக்காலியில் இருந்த துணிகளை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, அதையும் அவள் முன்னால் வைத்தாள்.

"உக்காரு. காலைத் தூக்கி இது மேல வை" என்றாள்.